ஏழாம் பக்கத்தில் கையெழுத்து இல்லை

பக்கத்து வீட்டுப் புல்லுக்குப் பச்சை அடிக்க
இரண்டு பேர் வந்திருக்கிறார்கள்.
முதுகில் டாங்கி, கையில் குழாய்.
ராமிரெஸ் குடும்பம் காலி செய்து நாலு மாதம்,
புல் செத்து மூன்று.
வங்கிக்கு விற்றாக வேண்டும்,
அதனால் வைக்கோலுக்குச் சாயம்.
ஸ்டாக்டன் வெயிலில் காயப் பத்து நிமிடம் போதுமாம்.

நான் இரவு ஷிஃப்ட் முடிந்து வந்தவள்,
காலணிகூடக் கழற்றவில்லை.
மேசைமேல் நேற்று வந்த உறை
பிரிக்காமலே கிடக்கிறது.
அதன்மேல் டம்ளரை வைத்துக்
காப்பி குடிக்கிறார் ஜெபசிங்.

ஐந்து மாதம் முன்பு அவர்கள் கேட்டது ஒரு கடிதம்.
உங்கள் கஷ்டத்தை விவரிக்கவும்,
ஒரு பக்கத்துக்கு மிகாமல்.
தமிழில் எழுதித் தாரேன், நீ மாத்து, என்றார்.
அரைமணி நேரம் கழித்துத் தாளில் ஒரே சொல்:
பணமுடை.
எனக்குத் தெரிந்த முடை வேறு.
ஒன்று, ஓலையை முடைவது.
இன்னொன்று, முதியோர் இல்லத்தில்
பதினான்காம் அறை விரிப்பை
உருவும்போது அடிப்பது.
இவர் சொல்வதை ஆங்கிலத்தில் எங்கே போய்த் தேட?

நானே எழுதினேன்.
ஐயா அல்லது அம்மா,
என் கணவர் டைல்ஸ் பதிப்பவர்.
இந்தத் தெருவில் பதினோரு குளியலறைகளில்
அவர் முழங்கால் தேய்ந்திருக்கிறது.
வீடு கட்டுவது நின்றது, டைல்ஸ் நின்றது.
வட்டி, இரண்டு வருஷம் சாதுவாய் இருந்துவிட்டு,
மூன்றாம் வருஷம் கோரைப்பல்லை நீட்டியது.
கோரைப்பல்லை அடித்துவிட்டுக்
'கூடியது' என்று போட்டேன்.
பல் இருப்பதைப் பல்லிடமே சொல்வானேன்.

செலவுப் படிவத்தில் ஒரு கட்டம்: மற்றவை.
சாயர்புரத்தில் அவர் தங்கை மகள் காலேஜுக்கு அனுப்புவது.
சபைக்குத் தசமபாகம்.
எழுதினாலும் கூசியது, மறைத்தாலும் கூசியது.
கர்த்தர்கிட்டயும் ஒரு மாடிஃபிகேஷன் கேளுங்களேன், என்றேன்.
அவர் சிரிக்கவில்லை.
கொஞ்ச நேரம் கழித்துக் குளியலறைக்குள்ளிருந்து சிரித்தார்.

மருந்துக்கடையில் ஃபேக்ஸ், பக்கத்துக்கு ஒரு டாலர்,
முப்பத்தெட்டுப் பக்கம்.
கிடைக்கவில்லை என்றார்கள்.
கிடைத்தது, சம்பளச் சீட்டு பழசாகிவிட்டது என்றார்கள்.
அப்புறம், ஏழாம் பக்கத்தில் கையெழுத்து இல்லை.
ஏழாம் பக்கம் வெற்றுத்தாள்.
'இப்பக்கம் வேண்டுமென்றே காலியாக விடப்பட்டது'
என்று ஒரு வரி, அவ்வளவுதான்.

போனில் அன்று கிடைத்தவன் பெயர் கெவின்.
அவன் பேசிக்கொண்டிருக்கையில்
பின்னால் யாரோ கத்தினார்கள்:
டேய், பிரியாணி வந்திருச்சு.
அவனும் பேசவில்லை, நானும் பேசவில்லை.
இந்த அழைப்பு பதிவு செய்யப்படுகிறது.
பிறகு ஒரு மூச்சளவு சத்தத்தில்:
அக்கா, வெத்துத் தாள்லயும் போட்டு அனுப்புங்க.
உடனே உரத்து, ஆங்கிலத்தில்,
வேறு ஏதேனும் உதவி வேண்டுமா மேடம்?

ஜெபசிங் போட்டார்.
கல்யாணப் பதிவேட்டில் போட்டதுபோல்
கீழே கோடிழுத்து, இரண்டு புள்ளி வைத்து.

இப்போது உறையை நான்தான் கிழிக்கிறேன்.
மூன்று மாதம் பரீட்சைத் தவணை.
தேறினால் நாற்பது வருஷம்.
கட்டாமல் விட்டது அசலோடு சேரும்,
வாங்கியதைவிடக் கடன் இப்போது அதிகம்.
அவருக்கு நாற்பத்தேழு.
விரல் விட்டு எண்ணிப் பார்க்கிறார்.
எண்பத்தேழுல சொந்த வீடு, எஸ்தர்,
படியெல்லாம் வேண்டாம், சறுக்குப் பாதை வச்சிருவோம்.

வெளியே காற்று திரும்பியிருக்கிறது.
வேலியோரம் எங்கள் பக்கத்திலும்
ஒரு முழம் பச்சை விழுந்துவிட்டது.
தண்ணீர்ச் செலவைத்தான் முதலில் குறைத்தோம்,
எங்கள் புல்லும் செத்ததுதான்.
இதுவும் பேங்க் வீடா, என்று கேட்கிறான் குழாய்க்காரன்.
இன்னும் இல்லை, என்கிறேன்.
மன்னிப்புக் கேட்டுக்கொண்டு
பூட்ஸ் நுனியால் தேய்த்துப் பார்க்கிறான்.
போகவில்லை.