பதினைந்து நொடி

இந்த ஊருக்குப் பெயரே ஓர் எண்.
முப்பத்து மூன்று.
எப்போதோ படகேறி ஆறு கடந்து
நாடு கேட்டு வந்தவர்களின் தொகை.
துடுப்புப் போட்டவனையும் சேர்த்தா என்று
பள்ளியில் கேட்டு, வகுப்புக்கு வெளியே நின்றவள் நான்.
சுல்மா. இப்போதும் எண்ணுவதுதான் வேலை.

ஒரு குவளைக்கு ஐந்து.
ஓர் அளவுக்கு நான்கு குவளை.
அளவுகள் ஐந்து, ஒன்றைவிட அடுத்தது இருமடங்கு காரம்.
ஓரத்தில் மருந்தே விழாத நான்கு,
ஒப்பிட்டுப் பார்க்க.
எல்லாவற்றிலும் பிறந்து ஒரு நாள் ஆகாத நீர்த்தெள்ளுகள்.
எல்லாம் பெண்.
தகப்பன் என்ற சொல் தேவைப்படாத குலம்;
தாயின் முதுகுப் பையிலிருந்து
இன்று விடியுமுன் கொட்டியவை.

குழாயின் முனையை நீருக்குள் அமிழ்த்தித்தான் விடவேண்டும்.
மேலிருந்து விட்டால் முதுகில் காற்று ஒட்டிக்கொள்ளும்,
மூழ்க முடியாமல் மிதந்து கிடக்கும்.
அது என் கையின் குற்றம்.
மருந்தின் கணக்கில் ஏற்றக் கூடாது.

மருந்து, நெல்லுக்கு.
ஒலிமார் ஆற்றங்கரையில் கண்ணுக்கு எட்டும்வரை நெல்.
களைக்கென்று விமானம் தூவப்போகிற புதுச் சரக்கு.
கம்பெனி கேட்பது ஒரே ஓர் எண்:
எந்த அளவில் பாதி நிற்கும்?
முழுவதும் இல்லை.
பாதி.

நாற்பத்தெட்டு மணி நேரம். தீனி கிடையாது.
எனக்கும்தான்; மாத்தே குடுவை கதவுக்கு வெளியே
ஆறிக்கொண்டிருக்கிறது.
குவளையை லேசாக ஒரு சுற்று.
பிறகு பதினைந்து நொடி.
நீந்தினால் நீந்தியது.
நீந்தாவிட்டால் 'அசைவற்றது' என்று எழுத வேண்டும்.
செத்தது என்று எழுதக் கூடாது.
லென்ஸ் வைத்துப் பார்த்தால்
கண்ணாடி உடம்புக்குள் இதயம்
தையல் மிஷின் ஊசிபோல் இறங்கி ஏறுகிறது.
உணர்கொம்புகூட ஒருமுறை துடித்தது.
இருக்கட்டும். நீந்தவில்லை.
பதினாறாம் நொடியில் அது நீந்தத் தொடங்கினாலும்
நான் அடுத்த குவளைக்குப் போயிருப்பேன்.

இரண்டாம் நாள் மாலை.
கடைசி அளவில் இருபதும் அடியில், தவிட்டுத் தூள்போல.
எதிர்பார்த்ததுதான்.
ஓரத்துக் குவளைகளுக்கு வந்தேன்.
மருந்து விழாதவை.
ஐந்து. ஐந்து. மூன்று.
நான்கு.

இருபதில் மூன்று நிற்கின்றன.
இரண்டுவரை விதி பொறுக்கும்.
மறுபடி சுற்றினேன். மறுபடி பதினைந்து.
போதாமல் இருபது, முப்பது,
முப்பத்து மூன்றுவரை போனேன்.
ஊரின் பெயரைத் தாண்டி எண்ண மனம் வரவில்லை.

கம்பெனியிலிருந்து உபால்தோ, தொலைபேசியில்:
"ஒன்றே ஒன்றுதானே, சுல்மா.
ஒன்று நீந்தியதாக இருக்கட்டுமே."
ஒன்றும் சொல்லாமல் வைத்துவிட்டேன்.
ஏட்டில் குறுக்கே நீளமாகக் கோடு: செல்லாது.

வில்மார் குவளைகளை முகர்ந்தான்.
சோப்பு மிச்சமா என்றான். கையுறைத் தூளா என்றான்.
பிறகு இருவரும் ஒரே நேரத்தில்
ஜன்னலுக்கு வெளியே பார்த்தோம், கிணற்றை.
பதினெட்டு வருடமாகச் 'சுத்த நீர்' என்று
நாங்கள் எல்லாவற்றையும் ஒப்பிட்டு வந்த கிணறு.
அதற்கு அப்பால் வேலி.
வேலிக்கு அப்பால் நெல்.

எத்தனை பாதிகளை இந்த நீரில் நின்று எழுதியிருப்பேன்?
அலமாரி நிறைய ஏடுகள்.
திறக்கவில்லை.

விடியுமுன் வில்மார் காலிக் கேன்களை ஏற்றிக்கொண்டு
மலைப்பக்கம் போயிருக்கிறான்,
விமானம் எட்டாத ஓர் ஊற்று இருப்பதாக
செம்மறி மேய்ப்பவன் ஒருவன் சொன்னதை நம்பி.
திரும்ப மத்தியானம் ஆகும்.
ஊற்று நீர் என்றால் மட்டும்? அதை எதோடு ஒப்பிடுவது?

தாய்த் தொட்டிக்குப் பச்சைப் பாசி ஊற்றினேன்.
கூட்டமாக மேலே வந்தன, பசியோடு, தத்தித் தத்தி.
அடுத்த சோதனைக்கான நூற்றிருபதும்
அவற்றின் முதுகில் ஏற்கெனவே
கறுப்புக் கண் வைத்துவிட்டன,
அதே கிணற்று நீரில்.