ரசமட்டம்

மார்கழியில் வாங்கினோம்.
இந்தக் குளிருக்கு இது என்னத்துக்கு என்று
கேட்காத வாய் பணிய லயத்தில் இல்லை.
முப்பத்தாறு மாதத் தவணை.
ஐஸ் பக்கற் இருபது ரூபாய்.
பள்ளிக்கூடம் விட்டதும்
எங்கள் தொங்கல் வீட்டு இஸ்தோப்பில்
ஈரச் சப்பாத்துகள்.

ஆனி மழையில் தொடங்கியது.
சாத்துவேன், திரும்புவேன்,
முதுகுக்குப் பின்னால்
யாரோ எட்டிப் பார்க்கிற மாதிரி
மெல்லத் திறந்துகொள்ளும்.
ராத்திரி மூன்று மணிக்கு
உள்லைட்டு வெளிச்சம் சிமெந்துத் தரையில்
சும்மா விழுந்து கிடக்கும்.

ரப்பர்தான் என்றார் இவர்.
சவர்க்காரத் தண்ணீரில் துடைத்தோம்.
மடிப்புக்குள் எறும்பு, பால்மா,
ஹட்டன் பஸ் டிக்கட்டின் ஒரு மூலை.
வெந்நீர்த் துணியால் ஒத்தடம் கொடுத்தேன்.
வஸ்லீன் தடவினேன்.
கடதாசி ஒன்றை இடுக்கி இழுத்துப் பார்த்தார்:
விடவில்லை, நன்றாய்த்தான் பிடிக்கிறது.
பிறகு கதிரையை முண்டு கொடுத்தோம்.
ஒவ்வொரு ஐஸ் பக்கற்றுக்கும்
ஒருதரம் கதிரை நகர்த்தி
கரண்ட் பில்லோடு இடுப்பும் ஏறியது.

தலவாக்கலையிலிருந்து இம்தியாஸ் வந்தான்.
டூல் பெட்டியில் ஒன்றே ஒன்றை எடுத்து
பிரிட்ஜ் தலையில் வைத்தான்.
பச்சைத் தண்ணீருக்குள் குமிழி
மலைப்பக்கச் சுவரைப் பார்த்து ஓடி
அங்கேயே நின்றுவிட்டது.
"முன்னுக்குச் சாஞ்சிருக்கு அக்கா.
கொண்டுவந்து வச்சது நான்தானே,
அன்னைக்கு நேராத்தான் இருந்திச்சு."

முன்கால் இரண்டையும் முடிந்தமட்டும் திருகினான்.
போதவில்லை. உடைந்த டைல் துண்டு
காலுக்கு இரண்டு.
இப்போது கையை எடுத்தால்
கதவு தானாகவே போய்
டொப் என்று ஒட்டிக்கொள்கிறது.
அபிஷா கைதட்டினாள்.

அவன் ரசமட்டத்தைப் பெட்டியில் போடவில்லை.
தரையில் வைத்தான்.
ஜன்னல் கட்டையில் வைத்தான்.
வெளியே போய்ப் படியில் வைத்தான்.
எல்லா இடத்திலும் குமிழி
மலைக்கே ஓடியது.
தேத்தண்ணியைப் பாதியில் வைத்துவிட்டு
"காசு வேணாம் அண்ணே,
பின்பக்கம் ஒருக்கா பாருங்க" என்றான்.

பின்பக்கம் போஞ்சிப் பாத்தியைத் தாண்டி ஒரு வெடிப்பு.
இவர் குடைக்கம்பியை விட்டார்.
கம்பி முழுக்கப் போனது.

கிராம சேவகர் எழுதிக்கொண்டார்.
வந்து பார்ப்பார்களாம்.
துரைக்கும் ஒரு கடிதம்.
இருபத்தொன்பது தவணை பாக்கி.

மழை ராத்திரிகளில் இப்போது
பிரிட்ஜுக்கு முன்னால்தான் பாய் விரிக்கிறோம்.
அடையாள அட்டைகள், பிள்ளையின் பிறப்புப் பத்திரம்,
ஒரு சொப்பிங் பேக்கில், தலைமாட்டில்.
டைல் துண்டுகளை இவர் தொடவே விடுவதில்லை.
முறை வைத்து விழித்திருக்கிறோம்:
பன்னிரண்டு வரைக்கும் அவர்,
பிறகு நான்.
தரையில் வெளிச்சம் விழுந்தால்
பிள்ளையைத் தூக்க வேண்டும்.