ஒரு எறும்பாவது

கால்கரி நகரமன்றத்தின் நிலவறையில்
இரவுக் காவல், தவபாலன் அண்ணை.
பல்கலைக்கழகத்திலிருந்து மண்ணுக்கடியில் வரும்
கண்ணாடி இழையின் நுனியில்
ஒற்றை ஒளித்துகளுக்காக நான்.

"ஆக்களை எப்ப அனுப்புவியள்?"

போவது பொருளல்ல, அண்ணை,
அதன் நிலை மட்டும்.
இங்கே தோன்ற வேண்டுமென்றால்
அங்கே அழிந்தாக வேண்டும்.
நகல் கிடையாது, இயற்பியல் அதில் கறார்.
அதுவும் போதாது:
சாதாரணக் கம்பி வழியே
ஒரு சேதி பின்னால் வர வேண்டும்,
ஒளியை முந்தாமல்.
அதுவரை
வந்தது இன்னதென்று
வந்ததற்கே தெரியாது.

கதிரையில் சாய்ந்தார்.
"எனக்கு அந்தச் சேதி
பதினாலு மாதம் கழிச்சு வந்தது,
பழுப்பு உறையில."

வெளியே சினூக் காற்று.
மைனஸ் இருபது, ஒரே இரவில் நாலாகிவிட்டது.
மண் இளக, இழை மயிரளவு நீள,
துகள்கள் பிந்தி வருகின்றன.
கடிகாரத்தைத் திருத்த எழுகிறேன்.

"சரி, ஒரு எறும்பாவது?"

அவருடைய காகிதக் குவளையில்
ஒன்று போட்டு
எறும்பின் அணுக்களுக்குச் சுழியம் எழுதினேன்.
குவளையைச் சுற்றிப் போய்
அந்த ஒன்றின் முதுகிலேயே இடித்தது
கடைசிச் சுழியம்.