பதினேழாம் தட்டு

ஊத்துக்கோட்டை தாண்டினால்
கடைப்பலகை எழுத்தெல்லாம் உருண்டுவிடும்.
அப்போது மணி ஐந்தே கால்.
கம்பெனி பஸ்ஸில் பாதிப்பேர் தமிழில் தூங்குவார்கள்,
பாதிப்பேர் தெலுங்கில்.
சத்தியவேட்டுக்கு அப்பால் இறங்கும்போது
எல்லோருக்கும் ஒரே கொட்டாவி.

நான் நாலாவது லைனுக்கு லீடர்.
இருபத்தாறு பேர், இருபத்தாறு தட்டு.
போன் சார்ஜருக்குள் இருக்கும் பச்சை அட்டையில்
இரண்டு கம்பியைப் பற்றவைக்க வேண்டும்.
ஷிப்டுக்கு நானூற்றுப் பன்னிரண்டு.
அதென்ன பன்னிரண்டு என்று கேட்காதீர்கள்,
நானும் கேட்டதில்லை.

மாசியில் ஹைதராபாத்திலிருந்து சைதன்யா சார் வந்தார்.
நல்ல மனுஷர். எல்லோரையும் வாங்க போங்க என்பார்.
வெள்ளைப் பலகையில் முக்கோணம் போட்டு
குறுக்கே நாலு கோடு இழுத்தார்.
அடியில் சோறு, தண்ணீர். அதன்மேல் ஒழுகாத கூரை.
அதன்மேல் சொந்தபந்தம். அதற்கும் மேலே மரியாதை.
உச்சியில் என்னவோ எழுதினார்,
டியூப்லைட் பட்டுப் பளபளத்ததில் எனக்குத் தெரியவில்லை.
ஒரு மாடி நிறைந்தால்தான்
அடுத்த மாடிக்கு ஆசை ஏறும் என்றார்.
நோட்டில் குறித்துக்கொண்டோம்.
தேசம்மா மட்டும் அதற்கு ஒரு கலசம் வரைந்து வைத்தாள்.

அந்த வாரம்தான்
முனிலட்சுமிக்கு வலது மணிக்கட்டு வீங்கியது.
இருநூற்று அறுபத்திரண்டுக்கு மேல் கை ஓடவில்லை.
கான்ட்ராக்ட் ஆள்.
சொன்னால் லீவு தருவார்கள்,
திரும்பக் கூப்பிட மாட்டார்கள்.
நூற்றைம்பது குறைகிறது, ஆளுக்கு ஆறு என்று
டாய்லெட் வாசலில் யாரோ கணக்குப் போட்டிருக்கிறார்கள்.
நான் அங்கே இல்லை.
இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

ஆறு போதும்.
ஆளாளுக்குப் பத்து நகர்த்தினார்கள்.
அடுத்தவள் ஏமாற்றிவிடுவாள் என்று நினைத்தார்களோ,
அடுத்தவளுக்கும் கை வலிக்குமே என்று நினைத்தார்களோ.
சபீனா ஒன்றுகூடக் கொடுக்கவில்லை.
ஏன் என்று அவளை யாரும் கேட்கவுமில்லை.
ஷிப்ட் முடிந்து பதினேழாம் தட்டை எண்ணினால்
ஐந்நூற்று இரண்டு.

ஸ்கேன் செய்தேன்.
குறைந்தால் கத்துகிற மெஷின்
கூடியதற்கு ஒன்றும் சொல்லவில்லை.

மாதக் கடைசியில்
முனிலட்சுமி நட்சத்திரப் பணியாளர் ஆனாள்.
கேன்டீன் சுவரில் போட்டோ,
துப்பட்டாவுக்குள் வலது கை.
சைதன்யா சார் மைக்கை நீட்டினார்:
"சொல்லுங்க, எது உங்களை இப்படி ஓட வைக்குது?"
இடது கையால் வாங்கினாள்.
என்னைப் பார்த்தாள்,
பிறகு மேலே சுற்றும் மின்விசிறியை.
"டீ பாகுந்தி சார்."
கேன்டீனே சிரித்தது.
சார் சிரிக்கவில்லை, எழுதிக்கொண்டார்,
முக்கோணத்தின் அடிமாடியில்.

சித்திரை முதல் இரண்டாவது டீ வந்தது.
கூடவே புது இலக்கு: நானூற்று ஐம்பது.
'காரணம்' என்ற கட்டத்தில்
நானும் தேநீர் என்றே எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.
எனக்கு அந்த மாதம் முந்நூறு ரூபாய் கூட.
வாங்கினேன்.
அது எந்த மாடியில் சேர்த்தி,
வாங்கும்போது காது சுட்டதே,
அது எந்த மாடி?

பரிசு ஒரு ஹாட்பாக்ஸ்.
திரும்பும் பஸ்ஸில் முனிலட்சுமி அதை மடியில் இடுக்கி
மூடியைத் திருகிப் பார்த்தாள். அசையவில்லை.
முன்சீட்டிலிருந்து திரும்பி
சபீனா திறந்து கொடுத்தாள்.
உள்ளே கம்பெனியின் வாழ்த்து அட்டை,
ஈரம் உறிஞ்சும் பொட்டலம் ஒன்று.

"இனி ஆளுக்கு எத்தனை?"
பின்னாலிருந்து கஸ்தூரி விரல் மடக்கினாள்.
"ஏழரை."
தூங்கியவர்கள்கூட எழுந்து சிரித்தார்கள்.
"என்னைச் சேர்க்காதே" என்றாள் சபீனா,
ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி.
"அப்போ எட்டு" என்றாள் தேசம்மா.