மிளகாய்க் கணக்கு

நாலே முக்காலுக்குத் திருப்பூர்
முதல் வாளியைக் கவிழ்க்கும்.
ஐந்தரைக்குள் அது சாமுண்டிபுரம் தாண்டி
பம்பு ஹவுஸுக்கு வந்துவிடும்.
அதற்குள் நான் கயிற்றை இறக்கியிருக்க வேண்டும்.

"பாத்து நில்லுங்க மேடம், வழுக்குமுங்க."
மூடியை நெம்பித் தள்ளிவிட்டு
சென்னியப்பன் பீடியை எடுப்பார்,
குழிவாயில் கேஸ் இருப்பது ஞாபகம் வந்து
காதில் செருகிக்கொள்வார்.

அன்றைக்குத் தண்ணீர் கருநீலம்.
எந்தச் சாயப்பட்டறையோ
ராத்திரியோடு ராத்திரியாகத் திறந்துவிட்டிருக்கிறது.
அரை லிட்டர். ஐஸ் பெட்டி. தேதி, நேரம்.
பாட்டிலில் பெயர் எழுத இடம் கிடையாது.
எனக்கு அது ஒன்றுதான் நிம்மதி.

வீடு வீடாய்ப் போனவர்கள்
ஒரே பதிலை நூறு தடவை எழுதி வந்தார்கள்:
காச்சலா? ஆருக்கும் ஒண்ணுமில்லீங்க.
பனியன் கம்பெனி விடுதிக்கு நானும் போனேன்.
மாடிப்படியில் ஓர் ஒடிசாப் பையன்
சுவரைப் பிடித்துக்கொண்டு
நன்றாகத்தான் சிரித்தான்.
படுத்தால் ஷிப்ட் போச்சு.
பீஸ் ரேட்டுக்குக் காய்ச்சல் கட்டுபடியாகாது.

பாட்டில் வேறு சொன்னது.
டைபாய்டு. மூன்று வாரமாக ஏறுமுகம்.

தீபாவளி வந்தது, போனஸ் வந்தது.
அடுத்த செவ்வாய் குழிக்குள்
கஞ்சித்தண்ணியாட்டம் வெளுத்து ஓடிற்று.
கோடு சரிந்தது, பாதிக்கும் கீழே.
"குறைஞ்சிருச்சு பாத்தீங்களா"
சுகாதார அதிகாரி ஜாங்கிரி நீட்டினார்.

நான் இரண்டாம் தாளைத் திருப்பினேன்.
மிளகாய்ச் செடிக்கு ஒரு வைரஸ் உண்டு.
நம்மை ஒன்றும் செய்யாது.
குழம்போடு உள்ளே போய்
அப்படியே வெளியே வரும்.
அதை எண்ணித்தான்
குழாயின் அந்தப் பக்கம்
எத்தனை வயிறு என்று ஊகிக்கிறோம்.
மிளகாயும் சரிந்திருந்தது.
ஏறக்குறைய அதே அளவு.

குறையல சார்.
ஊருக்குப் போயிருக்கு.

ஜாங்கிரி கையிலேயே இருந்தது.
படிவத்தில் ஏற்றம், இறக்கம், மாற்றமில்லை
என்று மூன்று கட்டம்.
ரயிலுக்கு ஒரு கட்டம் இல்லை.
ரிசர்வேஷன் இல்லாத பெட்டியில் இரண்டு நாள்,
கதவோரம் குந்தி,
தங்கச்சிக்கு மிச்சப்பீஸ் பனியன் ஆறு,
ஒரே தண்ணீர் பாட்டில் நாலு பேருக்கு.
அவன் ஊரில் சாக்கடை உண்டா,
கயிறு இறக்க ஆள் உண்டா,
நான் கேட்டு வைக்கவில்லை.
பெயர்கூடக் கேட்கவில்லை.

மறுவாரம் சென்னியப்பனிடம் சொன்னேன்.
கொஞ்ச நேரம் குழியையே பார்த்தார்.
"அப்பத் திரும்பி வருமுங்களே?"

வரணும் என்றேன்.
அந்தப் பையனை நினைத்துச் சொன்னது.
அவர் வேறு என்னவோ புரிந்துகொண்டு
என்னை ஒரு மாதிரி பார்த்தார்,
மூடியை இழுத்துப் போட்டார்.