பயனற்ற இடைவெளி

திங்கள் முதல் வெள்ளி வரை
ஜாலான் ராஜா லாவுட், பதினான்காம் மாடி.
காதுக்கருவி. குளிர்.
லாரிக்கடன், கார்க்கடன், கடன் அட்டை.
'உங்க தவணை மூணு மாசமா நிக்குதுங்க'
என்பதை மூன்று மொழிகளில்
முகம் சுளிக்காமல் சொல்வேன்.
வேலைக்குச் சேர்ந்த வாரமே சொல்லிக்கொடுத்தார்கள்:
எதிர்முனை மூன்று விநாடி பேசாதிருந்தால்
அங்கே ஒரு பொய் தயாராகிறது.
விடாதே. உள்ளே புகு.
தேதி கேள்.

சனி, ஞாயிறு செராஸில் வகுப்பு.
கவுன்சலிங் முதுகலை, இரண்டாம் ஆண்டு.
முப்பத்தெட்டு வயதில் முதுகில் பை.
நோர்ஹிடாயா தாதி, யூ செங் பள்ளி ஆசிரியர்,
நான் இப்படி.
ஒருவர் அழ, ஒருவர் கேட்க, ஒருவர் குறிப்பெடுக்க.
அழுகிற முறை வந்தால்
பாடநூல் துக்கத்தைத்தான் எடுத்துப்போவது
என்று பேசி வைத்திருந்தோம்.
யூ செங் ஒருநாள் கைதவறி
சொந்தத்தை எடுத்து வந்துவிட்டார்.
அன்று யாரும் குறிப்பெடுக்கவில்லை.

இப்போது பயிற்சிக் காலம்.
என்னிடம் வருகிறவர் பெயரைச் சொல்லக்கூடாது.
கோப்பில் அவர் ஓர் எண்.
(அலுவலகத்திலும் எல்லாரும் எண்தான்,
அது வேறு எண்.)
சம்மதப் படிவத்தில் கையெழுத்து வைத்துவிட்டு
ஒலிப்பதிவுக் கருவியைப் பார்த்தபடியே பேசினார்,
ஐம்பது நிமிடம்.
அதைச் சொல்லுக்குச் சொல் எழுதி
ஆங்கிலத்தில் பெயர்த்து
புதன் நள்ளிரவுக்குள் அனுப்ப வேண்டும்.

துணி துவைக்கும் இயந்திரத்தின் இரைச்சலில்
காதுக்குள் அவர் குரல்:
'என்னமோ மாதிரி இருக்கு மிஸ்.'
சோகம் என்று எழுதினேன். அழித்தேன்.
பதற்றம். அழித்தேன்.
வெறுமை என்று போடலாமென்றால்
அவ்வளவு நிறைந்து உட்கார்ந்திருந்தார்.
மகள் எட்டிப் பார்த்து
'இன்னும் முடியலையாம்மா?' என்றாள்.
அவளுக்கும் பரீட்சை.
ஒரு பொட்டலம் மேகி, இரண்டு கிண்ணம்.

பதினேழாம் நிமிடம்.
'அவரு போன அன்னிக்கு நான்' என்று நிறுத்துகிறார்.
மௌனத்தையும் விநாடிக் கணக்கில் குறிக்க வேண்டுமாம்.
கைப்பேசிக் கடிகாரத்தை ஓடவிட்டேன்.
ஒன்று. இரண்டு.
மூன்றாவதில் ஒரு பெண் உள்ளே புகுகிறாள்:
'எப்பலேருந்து இப்படி இருக்கு, சொல்லுங்க.'
என் குரல். பதினான்காம் மாடிக் குரல்.
அதன்பின் அவர் தூக்கம் வராததைப் பற்றியும்
பேருந்து நேரத்தைப் பற்றியும் பேசினார்.
அந்த வாக்கியத்துக்குத் திரும்பவே இல்லை.
பின்னோட்டிப் பின்னோட்டிக் கேட்டேன்,
நான்காம் விநாடி எங்காவது
ஒளிந்திருக்கும் என்பதுபோல.

டாக்டர் மஸ்லினா ஓரத்தில் ஒரே வரி எழுதியிருந்தார்:
'யாருக்கு அவசரம்?'

செவ்வாய். மழை.
கீழே கோம்பாக் ஆறு பாலில்லாத தேநீர் நிறத்தில்.
4471 என்று முடியும் கணக்கு,
காப்பாரில் ஒரு லாரிக்காரர்.
வணக்கம் சொன்னேன், தொகை சொன்னேன்.
'ம்' என்றார்.
ஒன்று. இரண்டு. மூன்று.
நாக்கு நுனியில் தேதி.
நான்கு. அங்கே யாரோ பாத்திரம் உருட்டுகிறார்கள்.
ஏழு. என் திரையில் மஞ்சள் விளக்கு.
ஒன்பது. ஒரு குழந்தையின் இருமல்.
பதினொன்று.
'லைன்ல இருக்கீங்களா?'
'இருக்கேங்க.'

பிறகு அவர் சொன்னதை
இங்கே எழுதப் போவதில்லை.
பணம் வரவில்லை.
மாதக் கடைசியில் என் புள்ளியில் நான்கைக் குறைத்தார்கள்.
காரணம் என்ற கட்டத்தில்: பயனற்ற இடைவெளி.

அன்று மாலையே கல்லூரியிலிருந்து குறுஞ்செய்தி:
மூன்றாம் தவணைக் கட்டணம் நிலுவையில் உள்ளது,
எந்தத் தேதியில் செலுத்துவீர்கள்?
செந்தூல் ரயிலில் கம்பியைப் பிடித்து நின்றபடி வாசித்தேன்.
பதில் தட்டவில்லை.
ஒரு நிலையம் தாண்டும் வரை
சும்மா இருந்தேன்.