முற்றத்தில் நிற்பவர்கள்

எங்கள் கோயிலில் நற்கருணைக்கு உள்ளே போகிறவர்கள்
பால்பல் விழாதவர்கள்,
இல்லையேல் பல்லே இல்லாதவர்கள்.
நடுவில் இருக்கும் நாங்கள் முற்றத்தில்
கேதுரு மரத்தடியில் செருப்போடு நிற்போம்.

பன்னிரண்டு வருஷம் நின்றேன்.
கொம்போல்ச்சாவின் ஆலங்கட்டி மழையில் நின்றேன்.
வயிற்றில் பிள்ளையோடு நின்றேன்.
கல்சுவரில் நெற்றியை வைத்து
கசிந்து வந்த தூபத்தை மட்டும் உண்டேன்.

மெகுரியாவும் நானும் செய்தது
தாளில் கையெழுத்திட்ட கல்யாணம்.
தாளைக் கிழிக்கலாம்.
அப்பத்தால் கட்டியதை அவிழ்க்க முடியாது.
அதனால்தான் ஊரே தள்ளிப்போடுகிறது:
இரத்தம் ஆறட்டும், கண் மங்கட்டும்,
படுக்கையில் இரண்டு விறகாய்க் கிடக்கும் நாள் வரட்டும்,
அப்புறம் போய்ச் சத்தியம் செய்யலாம்.
என் அத்தை எழுபதில் செய்தாள்.
மறுநாளே முட்டிவலி என்று தனியறைக்குப் போய்விட்டாள்.

அவன் ஜிபூத்தியிலிருந்து உரமூட்டை ஏற்றி வருகிறவன்.
எல்லையில், கலாஃபியில்,
லாரிகள் மூன்று நாள் வரிசையில் நிற்கும்.
தகரக் கொட்டகை, நீல பல்பு, சில்லென்ற பீர்.
பெரிய நோன்பின் நாற்பதாம் நாள்
வந்தவன் கைகூடக் கழுவாமல் சொன்னான்:
"தொடவில்லை. பார்த்தேன்.
காபி ஊற்றினவள் கழுத்தைப் பார்த்தேன்.
கோப்பை காலியான பிறகும் பார்த்தேன்."

ஷிரோ கிளறிய கரண்டி நின்றது.
தொடாததற்கு நன்றி சொல்வதா,
பார்த்ததற்கு அழுவதா?
மலைமேல் உட்கார்ந்து பேசியவர்
கண்ணிலேயே கணக்கை முடித்துவிட்டார்.
"அவள் பேர் என்ன?" என்றேன்.
"கேட்கவில்லை."
"பேர் வேண்டாத கழுத்து" என்றேன்.
கேட்டிருந்தால் கரண்டியாலேயே அடித்திருப்பேன்,
அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஐம்பத்தைந்து நாள்
பாலில்லை, நெய்யில்லை, முட்டையில்லை, அவனில்லை.
அவனுடைய சட்டை ஒன்றைத் துவைக்காமல்
தலையணைக்கடியில் வைத்திருந்தேன்.
டீசலும் வியர்வையும்.
இரவில் முகத்தில் போட்டுக்கொள்வேன்.
எனக்கு உரியதற்கே இப்படித் தவித்தால்
அதற்கு என்ன பேர்?
பாவசங்கீர்த்தனத்தில் சொல்லவில்லை.
பாவமென்று தோன்றினால்தானே.

உயிர்ப்பு விழா முடிந்த மூன்றாம் வாரம்
அப்பா தெக்லெயிடம் போனோம்.
எங்கள் முடியைப் பார்த்தார். ஒரு நரை இல்லை.
"அஸ்கலெச், இது கிழவர்கள் காரியம்.
நீங்கள் இன்னும் எரிகிறீர்கள்.
விழுந்தால் என்ன செய்வீர்கள்?"

மெகுரியா தரையைப் பார்த்தான்.
என் வாய்தான் திறந்தது:
"அணைந்த பிறகு சாம்பலைக் கொண்டுவந்தாலும்
வாங்கிக்கொள்வார், நல்லவர்தான்.
ஆனால் அப்பா, சாம்பலை யாராவது
காணிக்கை என்பார்களா?"

குதிரைமுடிச் சாமரத்தால்
இல்லாத ஈயை ஓட்டினார்.
நெடுநேரம் ஓட்டினார்.
"தேதி பார்க்கிறேன்."

விடிகாலை. வாசலில் செருப்பைக் கழற்றினோம்.
அவனுடையதில் இன்னும் ஜிபூத்தியின் உப்பு
வெள்ளையாய் ஒட்டியிருந்தது.
உள்ளே நான் நினைத்ததைவிட இருட்டு.
முன்னால் குழந்தைகள், பின்னால் கிழவர்கள்,
நடுவில் நாங்கள் இருவர்,
தோளில் கனத்த அங்கி, தலையில் தகரக் கிரீடம்.
மூன்று நாளாய்த் தொட்டுக்கொள்ளவில்லை.
அவன் பக்கமிருந்த என் கை மட்டும் சுட்டது.

அப்பம் நாக்கில் கரையுமுன்
அவனைத் திரும்பிப் பார்த்தேன்.
பயந்திருந்தான்.

செவ்வாய்க்கிழமை மறுபடி உரம் ஏற்ற வேண்டும்.
கலாஃபி அங்கேயேதான் இருக்கிறது.